ஒரே ஒரு ஈயக் குண்டு

சினிமாவுல குண்டு பட்டதும் மான் அங்கேயே சுருண்டு விழும். 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்க வேட்டைக்காரன் பார்த்தா சிரிப்பான்!

அவன் கையில் இருந்தது பென்சில்வேனியாவில் ஜெர்மானியக் கைவினைஞர்கள் உருவாக்கிய நீளத் துப்பாக்கி. குழல் வாய் வழியா வெடிமருந்தைக் கொட்டி, கொழுப்பு தடவின துணியோட உருண்டை ஈயக் குண்டை வச்சு, கோலால் இடித்து இறக்கணும். சுட்டதும் புகை கண்ணை மறைக்கும். மறுபடி கெட்டிக்க அரை நிமிஷமாவது ஆகும். அதுக்குள்ள மான் எங்கேயோ...

0.45 அங்குலக் குழலுக்கான குண்டு சுமார் 8 கிராம்தான். உருண்டை வேற, காத்துல வேகம் சீக்கிரம் குறைஞ்சுடும். கனமான தோள் எலும்புல பட்டா உள்ளே போகாம நின்னுடலாம். வயித்துல பட்டாலோ, மான் மணிக்கணக்கா துடிச்சு எங்கேயோ புதருக்குள்ள சாகும். கறியும் போச்சு, விலை போற தோலும் போச்சு. அதனாலதான் கிட்டப் போய், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், ரெண்டு நுரையீரலையும் துளைக்கிற மாதிரி குறி வைப்பாங்க. அப்பவும் மான் கொஞ்ச தூரம் ஓடும். ரத்தத் தடம் பிடிச்சுப் போகணும்.

மேற்கே ராக்கி மலைப் பக்கம் போனவங்களுக்கு எல்க் மான், காட்டெருமைன்னு பெரிய மிருகங்கள். அங்கே இந்தக் குண்டு பத்தல. செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் 1820-கள் முதல் தடிச்ச குழல் துப்பாக்கிகள் செய்தார்கள். 0.54 அங்குலம்னா குறுக்களவு அஞ்சில் ஒரு பங்குதான் கூடுதல். குண்டோ 14 கிராமுக்கு மேல! துப்பாக்கியும் பத்து ராத்தல் கனம். நல்லவேளை, சுமக்கக் குதிரை இருந்தது.