பர்மா ஷெல் முதல் பாரத் பெட்ரோலியம் வரை: எல்லை கடக்கும் எண்ணெயின் வரலாறு

வேலந்தாவளம்: கேரளத்தின் பாலக்காடு மாவட்டமும் தமிழகத்தின் கோவை மாவட்டமும் சந்திக்கும் எல்லை ஊர்களுள் ஒன்று வேலந்தாவளம். ஒரே நிறுவனத்தின் பெட்ரோல் இங்கு எல்லைக்கு இருபுறமும் இரு விலைகளில் விற்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரள அரசோ 2023 ஏப்ரல் முதல் 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரியைக் கூடுதலாக விதித்தது. மாநில வரி மாறினாலும் எண்ணெய் வரும் வழி மாறவில்லை. கொச்சியை அடுத்த அம்பலமுகல் ஆலையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக இருகூருக்கும் கரூருக்கும் செல்லும் சுமார் 290 கி.மீ. நீளக் குழாய்வழி 2002 முதல் இயங்குகிறது. ஆலையும் குழாய்வழியும் இன்று பாரத் பெட்ரோலியத்திற்குச் சொந்தமானவை.

இந்நிறுவனத்தின் வேர் ஸ்காட்லாந்தில் உள்ளது. 1886-இல் கிளாஸ்கோவில் டேவிட் கார்கில் தொடங்கிய பர்மா ஆயில் நிறுவனம், பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து எடுத்ததை இந்தியாவில் மண்ணெண்ணெயாக விற்றது. பாரசீகத்தில் எண்ணெய் தேடிய டார்சியின் முயற்சி பணமின்றித் தள்ளாடியபோது கைகொடுத்ததும் இதுவே. அங்கு 1908-இல் எண்ணெய் கிடைத்தது. மறு ஆண்டே ஆங்கிலோ-பெர்சியன் நிறுவனம், அதாவது இன்றைய பி.பி., உருவானது.

தமிழர்களுக்கு இந்நிறுவனத்தை மறக்க முடியாதபடி அறிமுகப்படுத்தியது ஒரு போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கியபோது பற்றி எரிந்தவை பர்மா ஆயிலின் கிடங்குகளே. துணிச்சல்காரரை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கு அன்று பிறந்தது.

பர்மா ஆயிலும் ஷெல் குழுமமும் இணைந்து 1928-இல் இந்திய விற்பனைக்காக பர்மா ஷெல் நிறுவனத்தை அமைத்தன. மும்பையின் மாகுலில் 1955-இல் அதன் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மத்திய அரசு வெளிநாட்டு நிறுவனங்களை ஒவ்வொன்றாகக் கையகப்படுத்தியது. 1974-இல் எஸ்ஸோ, 1976 ஜனவரி 24-இல் பர்மா ஷெல். 1977 ஆகஸ்டில் பாரத் பெட்ரோலியம் என்ற பெயர் நிலைபெற்றது.

அம்பலமுகல் ஆலையின் கதை வேறு. மத்திய அரசு, அமெரிக்காவின் பிலிப்ஸ் பெட்ரோலியம், கொல்கத்தாவின் டங்கன் பிரதர்ஸ் ஆகியவற்றின் கூட்டில் உருவான கொச்சி சுத்திகரிப்பு நிறுவனத்தை 1966-இல் இந்திரா காந்தி திறந்து வைத்தார். தொடக்கத் திறன் ஆண்டுக்கு 25 லட்சம் டன். இன்று 155 லட்சம் டன். 2006-இல் அது பாரத் பெட்ரோலியத்துடன் இணைக்கப்பட்டது.

கையகப்படுத்திய அரசே விற்கவும் முனைந்தது. நாடாளுமன்றச் சட்டத்தால் பெற்ற நிறுவனத்தை, அச்சட்டத்தைத் திருத்தாமல் தனியாருக்கு விற்க முடியாது என 2003-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டமே 2016-இல் வழக்கொழிந்த சட்டங்களின் பட்டியலில் சேர்ந்து நீக்கப்பட்டது. அப்போது அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. அரசின் 52.98 சதவீதப் பங்கையும் விற்க 2019 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. விருப்பம் தெரிவித்த மூவரில் இருவர் விலகியதை அடுத்து, 2022 மே மாதம் அம்முயற்சி கைவிடப்பட்டது.