ஒரு பாடம், பல வாசல்கள்

இணையப் பாடம் என்றதும் நம்மில் பலருக்கு 2020ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வருகிறது. மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஏப்ரல் 8ஆம் தேதி சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. ஆசிரியர்கள் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். சிலர் பாடநூல் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினார்கள். சிலர் ஒரு மணி நேரம் காணொளியில் பேசினார்கள். அவர்களுடைய உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், ஒரு கேள்வி எழுகிறது. எழுத்து மட்டும், அல்லது பேச்சு மட்டும் என்று ஒரே வடிவில் வரும் பாடம் எல்லாப் பிள்ளைகளையும் போய்ச் சேருமா?

இந்தக் கேள்வி கிருமித்தொற்றோடு பிறந்ததன்று. இதற்கு 350 ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், இன்று பாடம் தயாரிப்பவர்கள் பல வீண் செலவுகளைத் தவிர்க்கலாம்.

படத்தில் எண் போட்ட மனிதர்

1658ஆம் ஆண்டு ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் ஒரு பள்ளி நூல் அச்சானது. எழுதியவர் மொராவியாவைச் சேர்ந்த ஜான் அமோஸ் கொமேனியஸ். புலன்களால் அறியும் உலகத்தைப் படங்களில் காட்டுவது என்பது அதன் இலத்தீன் தலைப்பின் பொருள். 150 அதிகாரங்கள். ஒவ்வொன்றுக்கும் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ஒரு படம். அருகில் இலத்தீனிலும் ஜெர்மன் மொழியிலும் விளக்கம்.

இதில் கவனிக்க வேண்டியது படம் இருந்தது என்பதன்று. படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இருந்தது. அதே எண் விளக்கத்தில் அந்தப் பொருளைக் குறிக்கும் சொல்லின் அருகிலும் இருந்தது. பிள்ளை சொல்லைப் படிக்கும். படத்தில் அந்தப் பொருளைத் தேடும். மீண்டும் சொல்லுக்கு வரும். எழுத்துகளைக் கற்பிக்கும் பகுதியிலோ காகம் முதலிய உயிரினங்களின் குரலோடு எழுத்தொலிகளைப் பொருத்தியிருந்தார். எழுத்து, படம், ஒலி மூன்றும் ஒரே நூலில் கைகோத்து வேலை செய்தன. கொமேனியஸ் படத்தை அலங்காரத்துக்கு வைக்கவில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்தார்.

புதுக் கருவியும் பழைய ஆசையும்

அதற்குப் பின் வந்த ஒவ்வொரு கருவியும் ஒரு பெரிய வாக்குறுதியோடு வந்தது. 1913ஆம் ஆண்டில் தாமஸ் எடிசன், பள்ளிகளில் புத்தகத்தின் காலம் முடியப் போகிறது, இனிச் சலனப்படமே கற்பிக்கும் என்று அறிவித்தார். புத்தகம் இன்றுவரை போகவில்லை. 1924ஆம் ஆண்டில் பிபிசி வானொலி பள்ளிகளுக்காக ஒலிபரப்பத் தொடங்கியது. அதுவும் ஆசிரியரின் இடத்தைப் பிடிக்கவில்லை.

வானொலி வென்ற ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், பள்ளியிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, கால்நடைப் பண்ணைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்காக 1951ஆம் ஆண்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வான்வழிப் பள்ளி தொடங்கியது. பறக்கும் மருத்துவர் சேவை பயன்படுத்திய இருவழி வானொலியே அதன் கருவி. பிள்ளைகளுக்கு அச்சிட்ட பாடங்கள் ஏற்கனவே அஞ்சலில் வந்துகொண்டிருந்தன. அவற்றில் இல்லாதது என்ன? ஆசிரியரின் குரலும், பதில் சொல்லும் வாய்ப்பும். வானொலி அதைக் கொடுத்தது. தாள் தன் வேலையைச் செய்தது. குரல் தன் வேலையைச் செய்தது.

நம் வட்டாரமும் பின்தங்கவில்லை. சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டிலும், மலேசியாவில் 1972ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலும் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. வகுப்பறைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து அறிவியல் பாடம் பார்த்த தலைமுறை இன்று பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

பிரிட்டனில் நடந்த பெரும் சோதனை

பல வடிவங்களில் பாடம் தயாரிப்பதை ஒரு முழுத் தொழிலாகவே மாற்றியது பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம். 1963ஆம் ஆண்டில் தொழிற்கட்சித் தலைவர் ஹரால்டு வில்சன், கிளாஸ்கோவில் பேசும்போது இந்த யோசனையை வெளியிட்டார். அதைச் செயலாக்கிக் காட்டியவர் அமைச்சர் ஜென்னி லீ. சுரங்கத் தொழிலாளியின் மகள் அவர். எதிர்ப்பு பலமாக இருந்தது. எதிர்க்கட்சியின் முன்னணித் தலைவர் இயன் மெக்லியோட் அதை அபத்தம் என்று ஒதுக்கினார். ஆயினும், 1969ஆம் ஆண்டு அரச சாசனம் கிடைத்தது. 1971ஆம் ஆண்டு ஜனவரியில் 24,000 பேருக்கு மேல் படிக்கத் தொடங்கினார்கள். முன்பு படித்துப் பெற்ற சான்றிதழ் எதுவும் தேவையில்லை என்பதுதான் அதன் சிறப்பு.

முதலில் அதற்கு வைக்க நினைத்த பெயர் வான்வழிப் பல்கலைக்கழகம். தொலைக்காட்சியே கற்பிக்கும் என்பது எண்ணம். நடைமுறை வேறாக அமைந்தது. பாடத்தின் முதுகெலும்பாக நின்றது அச்சிட்ட நூல்தான். தொலைக்காட்சி, நூலால் காட்ட முடியாததைக் காட்டியது. அறிவியல் மாணவர்களுக்கு நுண்ணோக்கியும் வேதிப்பொருள்களும் அடங்கிய சோதனைப் பெட்டி வீட்டுக்கே அஞ்சலில் போனது. சந்தேகம் கேட்க உள்ளூரில் பயிற்றுநர் இருந்தார். கோடையில் நேரடி வகுப்பும் நடந்தது.

ஒரு பாடத்தை ஒருவர் எழுதவில்லை என்பதும் முக்கியம். பேராசிரியர்கள், பிபிசி தயாரிப்பாளர்கள், கற்பித்தல் நுட்பம் தெரிந்தவர்கள், பதிப்பாசிரியர்கள் ஆகியோர் ஒரு குழுவாக அமர்ந்தார்கள். எந்தப் பகுதியை எழுத்தில் சொல்வது, எதைப் படமாகக் காட்டுவது, எதை மாணவர் கையால் செய்து பார்ப்பது என்று வாதம் செய்து முடிவெடுத்தார்கள்.

அவர்கள் கண்ட இன்னோர் உண்மை நமக்கு மிகவும் பயன்படும். தொலைக்காட்சி நிகழ்ச்சி அதிகாலையிலோ நள்ளிரவிலோ வரும். தவறவிட்டால் போயிற்று, புரியாத இடத்தில் நிறுத்தவும் முடியாது. பின்னர் ஒலிநாடா பரவலானது. ஒரு வரைபடத்தைத் தாளில் கொடுத்து, அதை விளக்கும் குரலை ஒலிநாடாவில் கொடுத்தார்கள். மாணவர் நிறுத்தலாம், பின்னுக்குச் சுற்றலாம், மீண்டும் கேட்கலாம். தொலைக்காட்சியோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. ஆனால், மாணவர்கள் அதை விரும்பினார்கள். காரணம், கட்டுப்பாடு அவர்கள் கையில் இருந்தது. பிபிசியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பாட ஒளிபரப்பு 2006ஆம் ஆண்டு டிசம்பரில் முடிவுக்கு வந்தது. பல்கலைக்கழகம் இன்றும் நடக்கிறது.

கணினித் திரையில் தமிழ்

கணினியில் எழுத்து, படம், ஒலி எல்லாம் ஒரே திரையில் கூடின. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் 1960ஆம் ஆண்டில் தொடங்கிய பிளேட்டோ எனும் கற்பித்தல் கணினியில், 1972ஆம் ஆண்டிலேயே தொடுதிரை இருந்தது.

தமிழுக்கோ முதல் தடை பாடமன்று, எழுத்துரு. ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் கணினியில் படிக்க முடியாத காலம் அது. பலர் தமிழ் எழுத்தைப் படமாக்கி இணையத்தில் போட்டார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறனும் சிங்கப்பூரின் நா.கோவிந்தசாமியும் இந்தத் தடையை உடைக்கப் பாடுபட்டவர்கள். 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு நடந்தது. 1999ஆம் ஆண்டு சென்னையில் அடுத்த மாநாடு. அங்கு எழுந்த எண்ணத்தின் பயனாக 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். அதன் மழலைக் கல்விப் பகுதியில் பாடல், கதை, உரையாடல், எண், எழுத்து என்று குழந்தைக்குப் பல வாசல்கள் வைத்தார்கள்.

அதே காலத்தில் மலேசியாவில் விவேகப் பள்ளித் திட்டம் 1999ஆம் ஆண்டு சோதனை முறையில் தொடங்கியது. அதற்காகத் தயாரான மின்பாடங்கள் மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்கே. தமிழுக்கு நாமே செய்துகொண்டால்தான் உண்டு என்ற நிலை அன்றே தெளிவாகத் தெரிந்தது.

குறை பிள்ளையிடமா, பாடத்திடமா?

1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காஸ்ட் என்ற அமைப்பு உருவானது. உடற்குறையுள்ள பிள்ளைகள் கணினியின் துணையோடு படிக்க உதவுவது அதன் வேலை. சில ஆண்டுகளில் அவர்களுடைய பார்வையே மாறியது. பிள்ளையைப் பாடநூலுக்கு ஏற்பத் திருத்த முயல்கிறோமே, பாடநூலிடம்தானே குறை இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரே செய்தியைப் பல வடிவங்களில் கொடு, கற்றதைப் பல வழிகளில் வெளிப்படுத்த விடு, ஆர்வம் கொள்ளப் பல வழிகள் வை என்பது அவர்கள் வகுத்த நெறி. நடைபாதை ஓரத்துச் சரிவை எண்ணிப் பாருங்கள். சக்கர நாற்காலிக்காக அமைத்தது. குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கும், பெட்டி இழுக்கும் பயணிக்கும் அதுவே உதவுகிறது. பாடமும் அப்படித்தான்.

1999ஆம் ஆண்டு மே மாதம் இணையத்துக்கான அனைத்துலக அணுகல் விதிகள் வெளிவந்தன. படத்துக்கு எழுத்தில் விளக்கம் கொடு என்பது அதன் முதல் பாடம். கண் தெரியாத மாணவருக்குக் கணினி எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும். எழுத்தைப் படமாக்கி வைத்தால் அதனால் எளிதில் படிக்க முடியாது. பாடநூலைப் படம் பிடித்து அனுப்புவதில் உள்ள குறை இதுதான். பழைய எழுத்துருச் சிக்கலை நாமே திரும்ப வரவழைக்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பல வடிவம் என்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டுவதன்று. ரிச்சர்ட் மேயர் என்ற உளவியல் அறிஞர் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் தம் சோதனைகளைத் தொகுத்தார். சொல்லும் பொருத்தமான படமும் சேர்ந்தால் புரிதல் கூடும்; பொருந்தாத படமும் பின்னணி இசையும் புரிதலைக் குறைக்கும்; அசையும் படத்தை விளக்கிப் பேசும்போது, பேசும் அதே சொற்களைத் திரையிலும் ஓடவிட்டால் கவனம் சிதறும் என்று அவர் கண்டார். காது கேளாதவருக்கும் மொழி புதிதாகக் கற்பவருக்கும் திரை எழுத்து வேண்டும். அதை வேண்டும்போது போடவும் நிறுத்தவும் வசதி இருந்தால் போதும். அதேபோல், இந்தப் பிள்ளை கண்ணால் கற்பவன், அந்தப் பிள்ளை காதால் கற்பவள் என்று முத்திரை குத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008ஆம் ஆண்டில் உளவியலாளர்கள் ஆராய்ந்து கூறினார்கள். வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டியது முதலில் பாடப்பொருள்.

தமிழிலேயே ஓர் உதாரணம் பார்ப்போம். ல, ள, ழ வேறுபாட்டை எழுத்தில் எவ்வளவு விளக்கினாலும் பிள்ளைக்கு உச்சரிப்பு வராது. அதற்கு ஒலி வேண்டும். ஒலி மட்டும் போதுமா? ல சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல் வரிசைக்குப் பின்னால் தொடுகிறது. ள சொல்லும்போது பின்னுக்கு வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. ழ சொல்லும்போது வளைகிறது, ஆனால் தொடுவதில்லை. இதைக் காட்ட ஒரு படம் வேண்டும். பிறகு பிள்ளை தன் குரலைப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான்கு வடிவம், நான்கு வேலை. ஒன்றை எடுத்துவிட்டால் பாடம் நொண்டும்.

யாருக்காக இவ்வளவு பாடு?

2020ஆம் ஆண்டில் மலேசியக் கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் சாதனமும் இல்லை என்று தெரிந்தது. அண்ணன் தம்பி மூவருக்கு அப்பாவின் ஒரே கைப்பேசி என்ற வீட்டில் ஒரு மணி நேரக் காணொளி என்ன செய்யும்? அதே பாடம் ஐந்து நிமிட ஒலிப்பதிவாகவும் இரண்டு பக்கத் தாளாகவும் இருந்தால் மூவரும் படிக்கலாம். 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் மலேசியா கல்விக்கென்றே தனித் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கியது. இணையம் உச்சத்தில் இருந்தபோது பழைய தொலைக்காட்சி திரும்பி வந்தது. இணையம் எட்டாத வீட்டுக்கு அதுதான் வாசல்.

சிங்கப்பூரின் அனுபவம் இன்னொன்றைச் சொல்கிறது. 2003ஆம் ஆண்டு சார்ஸ் நோயால் பள்ளிகள் மூடப்பட்ட பின், பல பள்ளிகள் மின்கற்றல் நாள்கள் நடத்திப் பழகின. 2018ஆம் ஆண்டில் எல்லா மாணவர்களுக்கும் பொதுவான இணையக் கற்றல் தளம் வந்தது. 2020இல் சிரமம் இல்லாமல் போகவில்லை. ஆனால், தொடங்க ஓர் அடித்தளம் இருந்தது. இடர் வரும்போது பாடம் தயாரிக்க முடியாது. முன்பே தயாரித்திருக்க வேண்டும்.

ஆகவே, பள்ளி நிர்வாகத்தினருக்கும் பெற்றோர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிய கருவி வாங்குவதற்கு முன், ஆசிரியர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து அமர நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். ஒருவர் எழுதட்டும், ஒருவர் குரல் கொடுக்கட்டும், ஒருவர் வரையட்டும், ஒருவர் பிள்ளையின் இடத்தில் இருந்து குறுக்குக் கேள்வி கேட்கட்டும். ஓர் ஆண்டில் பத்துப் பாடம் நன்றாகச் செய்தால் போதும். அடுத்த பள்ளியும் பத்துச் செய்தால் இருபது. கொமேனியஸ் மரக்கட்டையை வைத்துச் செய்ததை, கைப்பேசியை வைத்துக்கொண்டு நம்மால் செய்ய முடியாதா? படிக்க முடியாமல் பின்தங்கும் பிள்ளைக்கு அறிவு குறைவென்று முடிவு கட்டும் முன், அவனுக்கேற்ற வாசலை நாம் திறந்து வைத்தோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.