பூச்சுக்குக் கீழே

என் இளமையில் பெரியபாளையத்துத் தெருக்களில் ஈயம் பூசுபவர் வருவார். பித்தளைப் பாத்திரத்தைத் துருத்தி நெருப்பில் காய்ச்சி, நவச்சாரம் தூவித் துடைத்த பின்னரே வெள்ளீயத்தை இழைப்பார். அழுக்கு எஞ்சிய இடத்தில் ஈயம் பற்றாது. மின்னணுத் தொழிலின் வரலாறும் இதனையே கூறுகிறது.

1936-ஆம் ஆண்டளவில் இலண்டனில் பால் ஐஸ்லர் என்பார், அச்சிட்ட மின்சுற்றை வானொலிப் பெட்டிக்குப் பயன்படுத்த முற்பட்டார். பலகையின் செம்புத் தடங்கள் காற்றுப்பட்டுக் கறுத்தால் பற்றாசு ஒட்டாது. ஆகவே, வெள்ளீயமும் காரீயமும் கலந்த பூச்சு நெடுங்காலம் வழக்கிலிருந்தது. காரீயமோ நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் அதனைக் கட்டுப்படுத்திற்று. காரீயமற்ற பற்றாசு வந்தது. உருகுநிலை 183 பாகை செல்சியசிலிருந்து ஏறத்தாழ 217 பாகைக்கு ஏறிற்று.

செம்பின்மேல் நிக்கலும், அதன்மேல் மெல்லிய தங்கமும் பூசும் முறையும் பரவிற்று. தங்கம் படியும்போது அந்நீர்மம் நிக்கலை அளவுமீறி அரித்தால், நிக்கல் கறுத்துவிடும். மேலே தங்கம் மின்னும். பற்றாசும் ஒட்டியதாகவே தோன்றும். பின்னர் ஓர் அதிர்ச்சியில் இணைப்புப் பிளக்கும். தொழிலில் இக்குறையை 'பிளாக் பேட்' என்பர். பிளந்த இணைப்பு மருத்துவக் கருவியில் இருப்பின், ஓர் உயிரே ஊசலாடும்.

கும்மிடிப்பூண்டிக்கும் திருப்பெரும்புதூருக்கும் வேலைக்குச் செல்லவிருக்கும் இளைஞர்களே, மினுக்கத்தைக் கண்டு மயங்காதீர்கள். ஈயம் பூசியவர் முதலில் துடைத்தார், பிறகே பூசினார். அந்த வரிசையை மறவாதீர்கள்.