பலிச் சீட்டு

விசுவாசிகள் பொய் சொல்லுவது ஏன் என்னும் கேள்விக்குப் பிரசங்க பீடத்திலிருந்து எளிதாக விடை கூறிவிடலாம். அச்சம், பொருளாசை, மனிதரிடத்தில் நற்பெயர் பெறும் விருப்பம் என மூன்றையும் சொல்லி, அனனியாவையும் சப்பீராளையும் சாட்சிக்கு அழைத்து முடித்துவிடலாம். ஆனால் அனனியா தான் பொய் சொல்லுகிறான் என்பதை அறிந்திருந்தான். பொய் சொல்லியும், தான் பொய் சொன்னதாகவே எண்ணாமல், தன் விசுவாசத்தைக் காத்துக்கொண்டதாகவே நம்பின கிறிஸ்தவனைக் குறித்து என்ன சொல்லுவோம்? திருச்சபை வரலாற்றில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடம், மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் வட ஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜ் சபையே என்று நாம் கருதுகிறோம்.

249ஆம் ஆண்டில் ரோமப் பேரரசனான டீசியஸ், பேரரசில் வாழ்வோர் யாவரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளை பிறப்பித்தான். கட்டளையின் மூலவாசகம் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அது எவ்விதம் நிறைவேற்றப்பட்டது என்பதை எகிப்தின் மணலில் புதைந்திருந்த நாணற்சுவடிகள் காட்டுகின்றன. அவற்றுள் முதலாவது 1893இல் வெளியிடப்பட்டது; அதன் பின்பு நாற்பதுக்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. யாவும் 250ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களைச் சேர்ந்தவை. முதலில் வெளியான சீட்டுக்கு உரியவர் டயோஜெனிஸ் என்னும் 72 வயது முதியவர். வலது புருவத்தில் தழும்புடையவர் என்று அடையாளமும் குறிக்கப்பட்டுள்ளது. தாம் எப்பொழுதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்ததாகவும், இப்பொழுதும் அதிகாரிகளின் முன்னிலையில் பலியிட்டு, பான பலி வார்த்து, படைக்கப்பட்டதைச் சுவைத்ததாகவும், இதற்குச் சான்றளிக்கும்படி வேண்டுவதாகவும் அவர் எழுதிக்கொடுக்கிறார். தெயதெல்பியா என்னும் சிற்றூரின் சீட்டுகளில், செரேனுஸ், ஹெர்மாஸ் என்னும் இருவர், இவர் பலியிட்டதை நாங்கள் கண்டோம் என்று கையொப்பமிட்டுள்ளனர். முதலைத் தெய்வத்தின் பூசாரியான ஒரு பெண்மணியும் இப்படியொரு சீட்டுப் பெற்றிருக்கிறாள்! ஆகையால் சீட்டு வைத்திருந்தவர் எல்லாரும் கிறிஸ்தவர் என்று எண்ணிவிடலாகாது. அரசு யாரையும் கிறிஸ்தவனா என்று கேட்கவில்லை. பலியிட்டாயா என்று மாத்திரமே கேட்டது. சோதனையின் நுட்பம் அதிலேதான் இருந்தது.

கார்த்தேஜில் நிகழ்ந்ததை அச்சபையின் பேராயர் சிப்பிரியன் 'விழுந்துபோனவர்களைக் குறித்து' என்னும் தமது நூலில் விவரிக்கிறார். யாரும் பிடித்து இழுப்பதற்கு முன்பே ஜனங்கள் திரள் திரளாக ஓடினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் தள்ளிவைத்தபோதும், இன்றைக்கே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மன்றாடினவர்கள் உண்டாம். பலியிட்டவர் ஒரு வகையினர்; தூபம் மாத்திரம் இட்டவர் இன்னொரு வகையினர்; இரண்டும் செய்யாமல், அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டவர் மூன்றாம் வகையினர். இம்மூன்றாம் வகையினரே நம் ஆராய்ச்சிக்கு உரியவர்கள்.

இவர்கள் தங்களுக்காகச் சொன்ன நியாயத்தைச் சிப்பிரியன் அந்தோனியானுஸ் என்னும் பேராயருக்கு எழுதிய நிருபத்தில் நேர்மையோடு பதிவு செய்திருக்கிறார். விக்கிரகங்களுக்குப் பலியிடலாகாது என்று நாங்கள் பேராயரின் வாயிலாகக் கேட்டிருந்தோம். ஆகவே அதிகாரியிடம் சென்றோ ஆளனுப்பியோ, நான் கிறிஸ்தவன், பலிபீடத்தை அணுகுவது எனக்குத் தகாது, தகாததைச் செய்யாதிருக்கும்படியே இப்பணத்தைத் தருகிறேன் என்று சொன்னோம் என்பதே அவர்கள் கூற்றின் சாரம். இதைப் பொறுமையோடு ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். லஞ்சம் வாங்கும் அதிகாரியிடத்தில் அவன் கிறிஸ்துவை அறிக்கை செய்கிறான்! கையில் பலியின் இரத்தம் படவில்லை. வாயில் படையலின் சுவை படவில்லை. பொய்யை எழுதியது எழுத்தன். கண்டோம் என்று கையொப்பமிட்டது அதிகாரி. தனக்குப் பங்கு எங்கே என்று அவன் உண்மையாகவே வியக்கிறான். பொய்யைப் பலருக்கிடையே பங்கிட்டுவிட்டால், ஒருவரிடத்திலும் முழுப்பொய் தங்குவதில்லை என்று மனச்சாட்சி கணக்குப் பார்த்துக்கொள்ளுகிறது. விசுவாசி சொல்லும் பொய்யின் தனித்தன்மை இதுவே. தேவனை மறுதலிக்க அவனுக்கு விருப்பமில்லை. தேவனுக்கும் தனக்கும் இடையிலுள்ளதை மனிதருக்கும் தனக்கும் இடையிலுள்ளதினின்று பிரித்து, உள்ளே ஒரு கணக்கும் வெளியே ஒரு கணக்குமாக எழுதிக்கொள்ள விரும்புகிறான்.

சிப்பிரியன் முதலில் எழுதிய நூலில் இவர்களைக் கடிந்துகொள்ளுகிறார். கை தூய்மையாயிருந்தாலும், பலியிட்டேன் என்னும் ஏட்டைத் தன்னுடையதாக ஏற்றவன் மறுதலித்தவனே என்பது அவரது வாதம். ஆனால் அந்தோனியானுஸுக்கு எழுதுகையில் குரல் மாறுகிறது. பலிபீடத்திற்கு விருப்பத்தோடு ஓடினவனையும், தயங்கித் தயங்கிச் சீட்டு வாங்கினவனையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்கிறார். முரண்பட்டுவிட்டார் என்று அக்காலத்தவரே குறை கூறினர். குற்றம் இன்னதென்று முதலில் திட்டமாய்ச் சொல்லி, அதன்பின் குற்றவாளியின் முகத்தைப் பார்த்த மேய்ப்பர் என்றே நாம் அவரை எண்ணுகிறோம். இவ்வரிசையைத் தலைகீழாக்கினால் ஆலோசனைப் பணி வெறும் சமாளிப்பாகிவிடும்.

விந்தை என்னவெனில், பொய்ச்சீட்டால் விழுந்த சபை எழுந்திருக்கவும் சீட்டையே நாடியது. சிறையில் துன்பம் அனுபவித்த அறிக்கையாளர்களுக்குச் சபையில் பெருமதிப்பு இருந்தது. விழுந்தவரைச் சபை ஐக்கியத்தில் மீண்டும் சேர்க்கும்படி அவர்கள் பரிந்துரைச் சீட்டுகள் வழங்கத் தொடங்கினர். இன்னாரையும் அவரைச் சேர்ந்தோரையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதினால், சேர்ந்தோர் என்று இருபது பேரும் முப்பது பேரும் வந்து நிற்கலாமே என்று சிப்பிரியன் வருந்துகிறார். லூசியானுஸ் என்னும் அறிக்கையாளர், மரித்துப்போன பவுலுஸ் என்னும் இரத்தசாட்சியின் பெயரால் சீட்டுகளை எழுதித் தள்ளினார். எழுத்தறியாத அவுரேலியுஸ் என்னும் இளைஞரின் பெயராலும் அவரே எழுதினார். சிறையில் பட்டினியையும் வெப்பத்தையும் சகித்த மனிதர் அவர். அவரது விசுவாசத்தை நாம் ஐயுறுவதற்கில்லை. ஆயினும் இரக்கத்தின் பெயரால் வேறொருவர் கையாக எழுதுவது அவருக்குத் தவறாகத் தோன்றவில்லை.

சிப்பிரியனும் கறையற்றவராகத் தோன்றவில்லை. துன்பம் தொடங்கியவுடன் அவர் நகரைவிட்டு மறைந்திருந்தார். ரோம மூப்பர்கள் கார்த்தேஜ் சபைக்கு எழுதிய கடிதம், ஆடுகளை விட்டோடும் கூலியாளைக் குறித்துப் பேசி அவரை மறைமுகமாகக் குத்தியது. அக்கடிதம் தம் கைக்கு வந்தபோது, எழுத்தும் ஏடும் ஐயத்துக்கு இடமாயிருக்கின்றன, இது உங்களுடையதுதானா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று அதை ரோமுக்கே அவர் திருப்பியனுப்பினார். இது உண்மையான ஐயமா, நயமான பதிலடியா என்று நாம் தீர்க்கமாய்ச் சொல்ல இயலாது. எனினும் பின்பு ரோமுக்கு எழுதிய கடிதத்தில், தாம் விலகியிருந்ததை அவர் ஒளிக்கவில்லை. சபையின் அமைதியைக் கருதி விலகினேன் என்று காரணம் கூறி, மறைவிடத்திலிருந்து எழுதிய நிருபங்களின் படிகளையும் உடன் அனுப்பி, தீர்ப்பை அவர்களுக்கே விட்டுவிட்டார்.

251ஆம் ஆண்டில் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம், சீட்டு வாங்கினவரை ஒவ்வொருவராக விசாரித்து ஏற்கலாம் என்றும், பலியிட்டவர் நெடுங்காலம் மனந்திரும்புதலில் நிலைத்திருக்க வேண்டும் என்றும் தீர்மானித்தது. ரோமிலோ நோவாசியன், விழுந்தவருக்குச் சபையில் மன்னிப்பே இல்லை என்று தனியே பிரிந்தான். மன்றத்தின் தீர்மானத்திலும் நம்மை அதிகம் தொடுவது சிப்பிரியன் தமது நூலில் கூறும் ஒரு செய்தியாகும். பலியும் இடாமல், சீட்டும் வாங்காமல், அதைக் குறித்து உள்ளத்தில் எண்ணிப் பார்த்தவர்கள் மாத்திரம் இருந்தனர். அவர்களைக் குற்றஞ்சாட்ட ஓர் ஏடும் இல்லை, ஒரு சாட்சியும் இல்லை. அவர்களே வந்து, தேவனுடைய ஊழியரிடத்தில் மனத்துயரோடு அதை அறிக்கையிட்டார்கள். சீட்டு வாங்கினவன் செய்ததைச் செய்யவில்லை என்றான். இவர்களோ செய்யாததையும் எண்ணினோம் என்றனர்.

ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்குப் பின்பு, அதே ஆப்பிரிக்க மண்ணில் அகுஸ்தீன் இவ்வினாவை மீண்டும் எடுத்தார். ஸ்பெயினில் பிரிஸ்கில்லியன் கூட்டத்தார், உள்ளத்தில் மெய்யைக் காத்துக்கொண்டு அயலானிடம் பொய் சொல்லலாம் என்று போதிப்பதாகச் சொல்லப்பட்டது. அவர்களைக் கண்டுபிடிக்க, நாமும் அவர்களைச் சேர்ந்தவர் போல நடிக்கலாமா என்று கொன்செந்தியுஸ் என்பவர் கேட்டார். ஏறத்தாழ 420இல் எழுதிய 'பொய்க்கு எதிராக' என்னும் நூலில் அகுஸ்தீன் அதை மறுத்தார். உள்ளத்தில் விசுவாசித்து வாயால் மறுப்பது தகுமாயின், இரத்தசாட்சிகள் வீணாகவன்றோ மாண்டார்கள் என்னும் அவரது வாதம் சீட்டு வாங்கினவருக்கும் பொருந்தும். பொய்யைக் குறித்து 395ஆம் ஆண்டளவில் தாம் எழுதிய முந்தைய நூல் தெளிவற்றது, அதை அகற்றிவிடவே விரும்பினேன் என்றும் முதுமையில் எழுதிவைத்தார். தம் எழுத்தின் குறையை இப்படி ஒப்புக்கொண்ட இறையியலார் மிகச் சிலரே.

அம்முந்தைய நூலில் ஓர் அரிய நிகழ்ச்சி உண்டு. தகாஸ்தே நகரின் பேராயராயிருந்த பிர்முஸ், தம்மிடம் அடைக்கலம் புகுந்த ஒருவனை ஒளித்து வைத்திருந்தார். பேரரசனின் சேவகர் வந்து கேட்டபோது, பொய் சொல்லவும் மாட்டேன், அவனைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன் என்றார். வதைத்தும் அவர் அசையவில்லை. பேரரசன் முன் கொண்டுபோகப்பட்டு, அம்மனிதனுக்கு மன்னிப்பையும் பெற்றுத் தந்தார். மௌனம் வேறு, பொய் வேறு. 257இல் சிப்பிரியனும் ஆளுநன் பதெர்னுஸின் முன் நின்றபோது, தமது மூப்பர்களின் பெயர்களை வெளியிட மறுத்தார். ஆனால் மூப்பரே இல்லையென்று சொல்லவில்லை.

சான்றிதழும் மனச்சாட்சியும் மோதுவதை நாம் கார்த்தேஜில் மாத்திரம் காண்பதில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்னும் நிலையை இந்து சமயத்தாருக்கே உரியதாக்கியது, 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அது விரிக்கப்பட்டது, கிறிஸ்தவருக்கு விரிக்கப்படவில்லை. ஆகவே சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயருமாக வாழும் குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. அவர்களைச் சீட்டு வாங்கினவரோடு ஒப்பிட்டுப் பிரசங்கிப்பது எளிது, ஆனால் அநீதியாகும். டீசியஸின் ஆணை செய்யாத பாவத்தை எழுதிக்கொடுக்கக் கேட்டது. இவ்வாணையோ மதம் மாறினால் ஒருவன் பட்ட இழிவும் மாறிவிட்டதாகக் கற்பனை செய்கிறது. அந்தக் கற்பனையே முதற்பொய் அன்றோ? மேலும், கல்லறைத் தோட்டத்திலும் திருவிருந்திலும் சாதி பார்த்துக்கொண்டு, சபையில் சாதியில்லை என்று அறிக்கையிட்ட சபையார், ஏழை மாணவனின் சான்றிதழை மாத்திரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது தகுமோ? அவனுக்கும் தேவனுக்கும் முன்பாக அவன் சுமக்கும் பாரம் மெய்யான பாரமே. அதை இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆயின் அவனை விசாரிக்கையில், ஒவ்வொருவராக விசாரித்த கார்த்தேஜ் மன்றத்தின் பொறுமை நமக்கு வேண்டும்.

அம்மன்றத்தார் பொறுமை காட்டாத இடமும் ஒன்று உண்டு. ஸ்பெயினில் பசிலிதேஸ், மார்ஷியாலிஸ் என்னும் இரு பேராயர்கள் பலிச் சீட்டு வாங்கி, பதவியிழந்திருந்தனர். பசிலிதேஸ் ரோமுக்குச் சென்று, நடந்ததை மறைத்து, பேராயர் ஸ்தேவானிடம் ஆதரவு பெற்றுத் திரும்பினான். 254ஆம் ஆண்டளவில் சிப்பிரியனும் அவரோடு கூடிய பேராயர்களுமாக 37 பேர் ஸ்பெயின் சபையாருக்கு விடை எழுதினர். மனந்திரும்பினால் அவ்விருவரையும் சபையாராக ஏற்றுக்கொள்ளலாம்; பீடத்தில் மாத்திரம் மீண்டும் ஏற்றலாகாது என்றும், தூரத்திலிருந்து ஏமாற்றப்பட்டவரைவிட ஏமாற்றினவனே பெரிய குற்றவாளி என்றும் அவர்கள் எழுதியனுப்பினார்கள்.