வட்டுக்கோட்டையில் விரிந்த நோக்கு



ஒரு மாணவன் பின்னர் எத்தொழிலைச் செய்யப்போகின்றான் என்பதை முன்னமே தீர்மானித்து, அத்தொழிலுக்கு வேண்டியவற்றை மாத்திரம் அவனுக்குப் புகட்டுவது ஒருவகைக் கல்வி. மொழி, கணிதம், தருக்கம், வானசாத்திரம், மெய்யியல் எனப் பல துறைகளிலும் அவனைப் புகவிட்டு, அவன் தன் வழியைத் தானே கண்டுகொள்ளுமாறு செய்வது மற்றொரு வகை. தாராண்மைக் கல்வி என்று நாம் வழங்குவது இவ்விரண்டாவதனையே. யாழ்ப்பாணத்தில் இக்கல்வி காலூன்றிய வரலாறு விந்தையானது. அதனை இங்கு நாட்டியவர்களே இறுதியில் அதன் விளைவு கண்டு கலங்கினார்கள்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்தர வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினர். கல்லூரி என்னும் தகுதியோடு அதனை நிறுவவே அவர்கள் விரும்பினர். அது கைகூடாமையால் செமினரி என்னும் பெயரே நிலைத்தது. அதன் முதல் அதிபர் தானியேல் பூவர். டாட்மத் கல்லூரியிற் பயின்ற அவர், தாம் பெற்ற கல்வியின் சாயலிலேயே இங்கும் பாடங்களை வகுத்தார். ஆங்கிலமும் யூக்கிளிட்டின் கேத்திர கணிதமும் அட்சர கணிதமும் பௌதிகமும் தருக்கமும் ஒருபுறம்; தமிழ் இலக்கண இலக்கியங்களும் சம்ஸ்கிருதமும் மறுபுறம். கிறிஸ்தவ சமயத்தைப் பரப்பும் சுதேசிகளை உருவாக்குவதே நோக்கமாயினும், அந்நோக்கத்துக்கு இத்தனை கலைகளும் வேண்டுமென்று பூவர் நம்பினார்.

1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு சந்திரகிரகணம் நிகழ்ந்தது. அராலியிலிருந்த பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியார் அதனை முன்னரே கணித்திருந்தார். கிரகணம் தொடங்கும் வேளை, நீடிக்கும் காலம், மறைவின் அளவு ஆகியவற்றில் அவர் கணிப்புத் தவறானது எனப் பூவர் அறிவித்தார். ஊர் முழுவதும் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தது. பூவரின் கணிப்பே சரியாயிற்று. இச்சம்பவத்தை மேல்நாட்டறிவின் வெற்றியென்று கூறி முடித்துவிடுவர் பலர். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. தொலைநோக்குக் கருவியின் துணையின்றி, வழிவழி வந்த வாக்கியங்களைக் கொண்டே கிரகண நாளைத் தவறாது கூறவல்ல கணிதம் அராலியில் இருந்ததென்பதும் அச்சம்பவத்தில் அடங்கியுள்ள உண்மையன்றோ?

பூவரின் பின் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன் இதனை உணர்ந்தவர்போலும். அவர் 1848இல் தமிழர் வானசாத்திர முறையை விளக்கும் நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்புடனும் குறிப்புக்களுடனும் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். மறுக்க விரும்புபவனும் முதலில் அறிதல் வேண்டுமல்லவா? அறியப் புகுந்தவர் அம்மட்டில் நிற்கவில்லை. சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1854இல் அவை அமெரிக்காவிலே வெளியாயின. மாணவனின் நோக்கை விரிக்க வந்த கல்வி, ஆசிரியரின் நோக்கையும் விரித்துவிட்டது.

இலங்கை அரசாங்கத்தின் காரியதரிசியாயிருந்த எமேசன் ரெனன்ற் என்பவர் இவ்வித்தியாசாலையைக் கண்டு வியந்து, ஐரோப்பிய சர்வகலாசாலைகள் பலவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது என 1850இல் வெளியான தம் நூலிற் பாராட்டினார். ஆயினும் பொஸ்ரன் நகரிலிருந்த மிஷன் தலைமைப்பீடம் அவ்வாறு மகிழவில்லை. ஆங்கிலமும் கணிதமும் கற்ற இளைஞர் கிராமங்களிற் போதகராவதை விடுத்து, அரசாங்க உத்தியோகங்களையும் பிற வாழ்க்கைகளையும் நாடிச் சென்றனர். பல கலைகளைக் கற்றவனுக்குப் பல வாயில்கள் திறந்துவிடுகின்றன. கற்பித்தவர் காட்டிய ஒரே வாயிலால் அவன் செல்வானென்பது நிச்சயமில்லை. 1855இல் றூபஸ் அண்டர்சன் முதலியோர் நேரில் வந்து ஆராய்ந்தனர். அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. தானியேல் பூவர் மானிப்பாயில் வாந்திபேதியால் உயிர் நீத்ததும் அதே ஆண்டிலேதான்.

தலைமைப்பீடத்தார் கணக்கைத் தவறென்று சொல்லிவிட முடியாது. தம் பணம் எதற்காகச் செலவாகின்றதெனக் கேட்க அவர்களுக்கு உரிமையுண்டு. ஆனால் அவர்களுடைய ஏட்டில் நட்டமென்று எழுதப்பட்டது தமிழர் ஏட்டில் வேறாக எழுதப்படவேண்டியது. 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையை நடத்தியவர்கள் இச்செமினரியின் மாணவர்களே. கறோல் விசுவநாதபிள்ளை வீசகணிதத்தைத் தமிழில் எழுதினார். ஆணல்ட் சதாசிவம்பிள்ளை இறுதிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தவர். ஆயினும் 1886இல் அவர் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகத்திலே சைவர், வைணவர், சமணர் என்ற பேதமின்றித் தமிழ்ப் புலவர் அனைவருக்கும் இடமளித்தார்.

சென்னைச் சர்வகலாசாலை 1857இல் நிறுவப்பட்டபொழுது அதன் முதற் பட்டதாரிகளாக வந்தவர்கள் இருவர்: ஒருவர் மேற்கூறிய விசுவநாதபிள்ளை, மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர்கள். இருவரும் பிற்காலத்தில் சைவத்துக்கு மீண்டவர்கள். மிஷன் தலைமைப்பீடத்தார் அஞ்சியதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தாமோதரம்பிள்ளை அரசாங்க உத்தியோகமும் பார்த்தார், சட்டமும் கற்றார். எனினும் அவர் மனம் சென்றது செல்லரித்த ஏடுகளின்பால். தொட்டால் ஒடியும் ஓலைகளை ஊர்தோறும் தேடி, பல பிரதிகளை ஒப்புநோக்கி, எழுத்தெழுத்தாக ஆராய்ந்து அச்சேற்றினார். நூற்பற்று அவருக்கு வீட்டிலும் வாய்த்திருக்கலாம். பிரதியோடு பிரதியை எதிர்வைத்து ஐயுற்று முடிவு காணும் அந்தப் பொறுமையிலே, யூக்கிளிட்டும் தருக்கமும் பயின்ற வகுப்பறையின் சுவட்டை யான் காண்கின்றேன். வீரசோழியம் 1881இலும் தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும் அவர் முயற்சியால் வெளிவந்தன. 1887இல் கலித்தொகை வெளிவந்தபொழுது, செமினரி மூடி முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.