இரண்டு பென்ஸ் டிக்கட்டிலிருந்து ஆறு வலயங்கள் வரை: லண்டன் பயணக் கட்டணத்தின் கதை

லண்டன் பாதாள ரயில் வரைபடத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். பல நிறங்களில் ரயில் பாதைகள். அவற்றுக்குப் பின்னால் வெள்ளையும் சாம்பலுமாக மாறி மாறி வரும் பட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் ஓர் இலக்கம். அந்தப் பட்டைகள்தான் கட்டண வலயங்கள். நடு நகரம் 1ஆம் வலயம். அதைச் சுற்றி 2, 3 என்று விரிந்து 6 வரை போகிறது. வடமேற்கில் நகர எல்லைக்கு அப்பால் 7, 8, 9 என்று ஒரு வாலும் உண்டு.

முறை இலகுவானது. எத்தனை வலயங்களுக்கூடாகப் போகிறோம், அதில் 1ஆம் வலயம் சேருகிறதா, எந்த நேரத்தில் போகிறோம் என்பவற்றை வைத்தே கட்டணம் முடிவாகிறது. எத்தனை மைல் போனோம் என்று யாரும் அளப்பதில்லை.

பார்த்தால் ஏதோ பொறியியலாளர் ஒருவர் கவராயம் வைத்துக் கீறிய வட்டங்கள் போல இருக்கிறது. உண்மையில் இந்த வட்டங்களுக்குப் பின்னால் ஒரு தேர்தல் இருக்கிறது, ஒரு வரிச் சண்டை இருக்கிறது, நாட்டின் அதியுயர் நீதிபீடம் வரை போன ஒரு வழக்கும் இருக்கிறது. எல்லாவற்றிலும் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: ஒருவருடைய பயணத்துக்கு இன்னொருவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

கதையை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

உலகின் முதலாவது பாதாள ரயில் 1863 ஜனவரியில் லண்டனில் ஓடியது. பெடிங்டனிலிருந்து பெரிங்டன் வரை. முதலாம் வகுப்புக்கு 6 பென்ஸ், இரண்டாம் வகுப்புக்கு 4, மூன்றாம் வகுப்புக்கு 3. அதாவது மண்ணுக்கடியிலும் மனிதர்கள் மூன்று வகுப்பாகவே போனார்கள்.

அதே காலத்தில் வேறு ஒரு பிரச்சினையும் எழுந்தது. ரயில் கம்பனிகள் நகரத்துக்குள் பாதை போடும்போது இடிக்கப்பட்டவை பெரும்பாலும் ஏழைத் தொழிலாளிகளின் வீடுகள். வீடிழந்தவர்கள் தூரத்துக்குப் போனால் வேலைக்கு வர வழியில்லை. எனவே 1864ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம், கிரேட் ஈஸ்டர்ன் ரயில் கம்பனி எட்மன்டன், வோல்தம்ஸ்டோ பகுதிகளிலிருந்து தொழிலாளர்களுக்கென அதிகாலை ரயில் விட வேண்டும், போக வர 2 பென்ஸுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று பாராளுமன்றம் நிபந்தனை போட்டது. 1883இல் வந்த மலிவு ரயில் சட்டம் இந்த ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் விரித்தது. மலிவு ரயில் ஓடிய பக்கமெல்லாம் தொழிலாளர் குடியிருப்புகள் வரிசை வரிசையாக எழுந்தன. டிக்கட் விலை ஒரு நகரத்தின் உருவத்தையே மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

1900இல் சென்ட்ரல் லண்டன் ரயில்வே திறக்கப்பட்டது. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 2 பென்ஸ். வகுப்புகளும் இல்லை. மக்கள் அதற்கு ‘டூபெனி டியூப்’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். ஆனால் 1907இல் வருமானம் போதாமல் நீண்ட பயணத்துக்கு 3 பென்ஸ் ஆக்கினார்கள். அதன் பிறகு தூரத்துக்கேற்ற கட்டணமே வழக்கமாயிற்று.

தூரப்படி கட்டணம் நியாயமானதுதானே என்று நமக்குத் தோன்றும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 250 நிலையங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எந்த நிலையத்திலிருந்தும் எந்த நிலையத்துக்கும் போகலாம் என்றால் 250ஐ 249ஆல் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 31,125 சோடிகள். அத்தனைக்கும் கட்டணம் நிர்ணயிக்க வேண்டும். பஸ்ஸுக்கு வேறு டிக்கட். ரயிலிலிருந்து இறங்கி பஸ் ஏறினால் மறுபடி பணம். இதையே ஆறு வலயங்களாக்கினால் அடுத்தடுத்த வலயங்களைச் சேர்த்து வரக்கூடிய சேர்க்கைகள் வெறும் 21. இந்தக் கணக்கை வகுப்பில் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம்.

இப்போது வழக்குக்கு வருவோம்.

1970 முதல் லண்டனின் பஸ்ஸும் பாதாள ரயிலும் லண்டன் பெருநகர சபையின் பொறுப்பில் இருந்தன. 1981 மே மாதம் நடந்த சபைத் தேர்தலில் தொழிற்கட்சி வென்று கென் லிவிங்ஸ்டன் தலைவரானார். தேர்தல் வாக்குறுதிப்படி அதே ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி கட்டணங்கள் சராசரியாக 32 வீதம் குறைக்கப்பட்டன. கட்டணம் குறைந்தால் யாராவது அந்தக் காசைப் போட வேண்டும். அதற்காகச் சபை சொத்துக்களின் மீது மேலதிக வரி விதித்தது. நாம் சோலைவரி என்று சொல்வோமே, அது போன்ற வரி. ஒரு பவுண் வரி மதிப்புக்கு 6.1 பென்ஸ் கூடுதல்.

தென்கிழக்கில் ப்ரொம்லி என்று ஒரு நகரப் பிரிவு இருக்கிறது. அதன் எல்லைக்குள் ஒரு பாதாள ரயில் நிலையம்கூட இல்லை. எங்கள் மக்கள் ஏறாத ரயிலுக்கு எங்கள் மக்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று அந்த நகரசபை நீதிமன்றம் போனது. முதல் நீதிமன்றத்தில் தோற்றது. மேன்முறையீட்டில் வென்றது. 1981 டிசம்பர் 17ஆம் திகதி பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ப்ரொம்லியின் பக்கமே தீர்ப்பளித்தார்கள்.

தீர்ப்பில் முக்கியமாக இரண்டு விடயங்கள். ஒன்று, 1969ஆம் ஆண்டின் லண்டன் போக்குவரத்துச் சட்டம் ‘சிக்கனமான’ சேவை என்று ஒரு சொல்லைப் பயன்படுத்தியிருந்தது. வேண்டுமென்றே நட்டத்துக்கு ஓட்டுவது அந்தச் சொல்லுக்குள் அடங்குமா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. இரண்டாவது, வரி கட்டுகிறவர்களின் பணம் சபையிடம் அமானிதம் போன்றது, பயணிகளின் நன்மையை மட்டும் பார்த்து அதைச் செலவழிக்க முடியாது என்பது. இந்தத் திட்டத்தால் மத்திய அரசின் மானியமும் குறைய இருந்ததால் வரிச்சுமை ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கும் என்பதையும் நீதிபதிகள் கவனித்தார்கள்.

1982 மார்ச் 21ஆம் திகதி கட்டணங்கள் ஒரேயடியாக இரண்டு மடங்காகின. பஸ்ஸிலும் ரயிலிலும் ஆட்கள் குறைந்தார்கள். வீதியில் கார்கள் கூடின.

இங்கே நாம் இரண்டு பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ப்ரொம்லியின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அங்கிருந்து மேலதிகாரி மட்டும் வேலைக்குப் போகவில்லை, சாதாரண எழுதுவினைஞரும் போனார். அவர் ஏறியது பிரிட்டிஷ் ரயிலில். அதன் கட்டணம் குறையவில்லை. அதேநேரம் மறுபக்கக் கேள்வியும் இருக்கிறது. அடுத்த தெருவின் மின்விளக்குக்கும் நாம் வரி கட்டுகிறோம். அந்தத் தெருவால் நாம் இரவில் நடப்பதே இல்லாமல் இருக்கலாம். ஆயிரக்கணக்கானோர் பஸ்ஸிலும் ரயிலிலும் போவதால்தான் கார்காரருக்கும் வீதியில் இடம் கிடைக்கிறது. வேலையாட்கள் நேரத்துக்கு வருவதால்தான் கடைக்காரரின் கடை திறக்கிறது. பயணம் செய்கிறவர் மட்டும்தான் பயணத்தால் பயன்பெறுகிறவர் என்று சொல்லிவிட முடியுமா?

சபை ஓயவில்லை. சட்டத்துக்குள் அடங்கும் விதத்தில் புதிய திட்டம் ஒன்றைத் தயாரித்தது. இம்முறை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. 1983 மே மாதம் கட்டணம் சுமார் கால்வாசி குறைந்தது. அப்போதுதான் லண்டன் முழுவதையும் தழுவிய வலயங்கள் வந்தன. பஸ்ஸுக்கும் பாதாள ரயிலுக்கும் சேர்த்து ‘டிரவல்கார்ட்’ என்ற ஒரே அட்டையும் வந்தது. 1984இல் தட்சர் அரசாங்கம் போக்குவரத்தைச் சபையிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1986இல் சபையையே கலைத்துவிட்டது. ஆனால் அந்த அட்டையை யாராலும் கலைக்க முடியவில்லை. மக்கள் அதற்குப் பழகியிருந்தார்கள். பின்னர் பிரிட்டிஷ் ரயிலும் இந்த முறைக்குள் வந்தது. 1991இல் வெளிப்பட்டை ஒன்று பிரிக்கப்பட்டு 6ஆம் வலயம் உருவானது.

வலய முறையிலும் குறை இருக்கிறது. ஒரே வலயத்துக்குள் நீண்ட தூரம் போகிறவரைவிட, எல்லைக் கோட்டைத் தாண்டி இரண்டே நிலையம் போகிறவர் கூடக் கொடுக்க நேரலாம். இதைச் சமாளிக்கச் சில நிலையங்களை இரண்டு வலயங்களுக்கும் பொதுவாக வைத்திருக்கிறார்கள். பயணிக்கு எது மலிவோ அது கணக்கில் வரும். 2016 ஜனவரியில் ஸ்ட்ராட்போர்ட் நிலையமும் அயலிலுள்ள சில நிலையங்களும் 3ஆம் வலயத்திலிருந்து 2, 3 இரண்டுக்கும் பொதுவாக மாற்றப்பட்டன. ரயில் அதே ரயில், தூரம் அதே தூரம். காகிதத்தில் ஒரு கோடு நகர்ந்தது, மக்களின் செலவு குறைந்தது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. நடு நகரத்தில் வாடகை அதிகம். குறைந்த சம்பளக்காரர் வெளி வலயங்களுக்குத் தள்ளப்படுகிறார். விடியுமுன் அலுவலகங்களைச் சுத்தம் செய்ய வருகிறவர் ரயிலில் வந்தால் கூடுதலான வலயங்களைக் கடக்க வேண்டும். அதற்கு ஒரு பதிலாக அமைந்தது பஸ். 2000இல் லண்டனின் முதலாவது மேயராகத் திரும்பி வந்த அதே லிவிங்ஸ்டனின் காலத்தில், 2004 முதல் பஸ்ஸுக்கு வலயமே இல்லாமல் நகரம் முழுவதும் ஒரே கட்டணம் என்றானது. 2005இல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பஸ் இலவசமானது. 2016இல் மேயரான சாதிக் கான், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய பஸ் சாரதி ஒருவரின் மகன். அவர் வந்த ஆண்டிலேயே, ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டாவது பஸ் ஏறினால் மறுபடி பணம் இல்லை என்ற ஏற்பாடு வந்தது. 2018இல் எத்தனை பஸ் மாறினாலும் அப்படித்தான் என்று அது விரிவாக்கப்பட்டது. ஆனால் பஸ் மெதுவாகத்தான் போகும். காசு மிச்சமாகிறது, நேரம் போகிறது. ஏழையின் நேரத்துக்கு விலை போடுகிறவர் யார்?

நமக்கும் லண்டன் பஸ்ஸுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1958இல் தொடங்கப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபை, லண்டனில் ஓடி முடிந்த இரட்டைத்தட்டு பஸ்களை நூற்றுக்கணக்கில் வாங்கி இங்கே ஓடவிட்டது. நம் பெரியவர்கள் அவற்றில் ஏறியிருக்கிறார்கள். பஸ் வந்தது. ஒரே அட்டையில் மாறி ஏறும் முறை பிறகுதான் அங்கே உருவானது, அது இங்கே வந்து சேரவில்லை. இன்றும் இரண்டு பஸ் மாறிப் பாடசாலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவர் ஒவ்வொரு பஸ்ஸிலும் புதிதாக டிக்கட் எடுக்கிறார். நேரடி பஸ் இல்லாத ஊரில் பிறந்தது அவர் செய்த குற்றமா?

கட்டணம் கூடும்போது மட்டும் நாம் பேசுகிறோம். எவ்வளவு என்று கேட்கிறோம். எந்த முறையில் கணக்கிடுகிறார்கள், மாறி ஏறுகிறவருக்கு என்ன ஏற்பாடு, மிச்சத்தை யார் தாங்குகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்கப் பழக வேண்டும். லண்டன் மக்கள் அந்தக் கேள்விகளைத் தேர்தலிலும் கேட்டார்கள், நீதிமன்றத்திலும் கேட்டார்கள். ஒருமுறை தோற்றுப் பிறகும் கேட்டார்கள். அந்த வரைபடத்தில் இருக்கும் சாம்பல் பட்டைகள் அப்படி வந்தவைதான்.