சென்னை மாகாண ரேடியோ கழகமும் தமிழக ஒலிபரப்பின் தொடக்கமும்

முன்னுரை

தமிழக வானொலி வரலாற்றை, அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பெற்ற 1938 சூன் 16ஆம் நாளிலிருந்து எழுதத் தொடங்குவதுண்டு. ஆயின், அதற்குப் பதினான்கு ஆண்டுகட்கு முன்னரே சென்னையில் ஆர்வலர் சிலர் ஒலிபரப்பை நடத்திக்காட்டினர். அம்முயற்சியைப் பின்வந்த நிலையத்தின் முன்கதையாக மட்டும் கருதுதல் பொருந்தாது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கழகத்தின் தோற்றம்

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், செய்தித்தொடர்புக் கருவிகளை அரசின் தனியுரிமையாக்கியிருந்தது. எனவே அரசின் இசைவின்றி ஒலிபரப்பு நிகழ இயலாது. 1923இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரேடியோ கழகங்கள் தோன்றின. அவற்றையடுத்து 1924 மே 16ஆம் நாள் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கழகம் உருவாயிற்று. அவர் இங்கிலாந்திலிருந்து கொணர்ந்த உறுப்புகளைக் கொண்டு 40 வாட் திறனுடைய ஒலிபரப்பி அமைக்கப்பெற்றது. அவ்வாண்டு சூலை 31ஆம் நாள் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னர் 200 வாட் திறனுடைய கருவி நிறுவப்பெற்றது.

கருவி நுட்பம்

அக்காலத்து எளிய ஏற்பி படிக ரேடியோவாகும். உயர்ந்த ஏரியல், நிலத்தொடர்புக் கம்பி, அலையைத் தேர்வதற்கான கம்பிச்சுருள், கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகம், அதன்மேல் மெல்லத் தொடும் கம்பிமுனை, காதொலிப்பான் ஆகியனவே அதன் உறுப்புகள். படிகத்தை அலையுணர் கருவியாகப் பயன்படுத்துதற்குச் சகதீச சந்திர போசு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். இவ்வேற்பிக்கு மின்கலமும் வேண்டுவதில்லை. வரும் அலையின் ஆற்றலே ஒலியாகிறது. அதனாலேயே ஒலிபரப்பிக்கு அண்மையில் இருப்போர்க்கு மட்டுமே அது பயன்பட்டது. தொலைவிலுள்ளோர்க்கு வால்வு ஏற்பியும் மின்கலங்களும் தேவைப்பட்டன. இவை செலவு மிக்கன.

கழகத்தின் பெயரில் 'மாகாணம்' இருந்தது; மாகாணமோ மிகப் பரந்தது. மலபார் மாவட்டத்துப் பாலக்காடு, சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 470 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. அதனையடுத்த சித்தூர்ப் பகுதியின் பெருமாட்டியோ கொச்சி அரசுக்குட்பட்டது. இத்தகைய எல்லையூர்களை எளிய ஏற்பிகளின் வழி எட்டுதல் 40 வாட் கருவிக்கு இயலாதது. பெயருக்கும் திறனுக்கும் இடையிலான இவ்விடைவெளியே ஆர்வலர் முயற்சியின் எல்லையைக் காட்டுகிறது.

கழகத்தின் முடிவும் தொடர்ச்சியும்

பொருள் நெருக்கடியால் 1927 அக்டோபரில் கழகத்தின் ஒலிபரப்பு நின்றது. அதே ஆண்டு சூலையில் பம்பாயில் ஒலிபரப்பைத் தொடங்கிய இந்திய ஒலிபரப்புக் குழுமம், வணிக நிறுவனமாக இருந்தும் 1930இல் கலைக்கப்பட்டது. ஆகவே பணமுடையைக் கழகத்தாரின் திறமைக் குறைவாகக் கொள்ளுதல் முறையன்று. கேட்போர் தொகை சிறிதாயிருந்ததே இரண்டற்கும் பொதுவான இடர்.

கழகம் தன் ஒலிபரப்பியைச் சென்னை மாநகராட்சிக்கு வழங்கியது. மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாள் முறையான ஒலிபரப்பைத் தொடங்கியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பெற்றமையால், ஏற்பி வாங்க இயலாதவரும் இசை கேட்டனர். தனியொருவர் காதொலிப்பானில் கேட்டது ஊர்ப்பொதுவாயிற்று. இப்பணி 1938இல் அகில இந்திய வானொலி வரும்வரை தொடர்ந்தது.

முடிவுரை

ஆர்வலர் கழகம், மாநகராட்சி, நடுவணரசு என்னும் மூன்று படிகளில் சென்னை ஒலிபரப்பு வளர்ந்தது. முதலிரு படிகளை இணைத்தது, கழகம் கைமாற்றிய கருவியேயாகும். ஆதலின் தமிழக ஒலிபரப்பின் தொடக்க ஆண்டாக 1924ஐக் கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும். 1938 என்பது அரசு அதனை ஏற்ற ஆண்டாகும்.